கீழறைத் தரையில் ஓடு பதித்தல்

எங்கள் ஊராகிய கோம்பை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் ஓரத்தே அமைந்தது. சரிந்த நிலத்தில் வீடெடுப்போர் மேட்டுப்புறத்தை வெட்டிச் சமன் செய்யுங்கால், வீட்டின் பின்னறை மண்ணால் சூழப்பட்டு நிலத்தினுள் ஒடுங்கி நிற்கும். சமநிலத்தில் உள்ள பழைய வீடுகளுக்கும் இந்நிலை வேறொரு வழியாக வந்துவிடுகின்றது. தெருவைப் புதுப்பிக்குந்தோறும் பழைய தளத்தைப் பெயர்த்தெடாமல் அதன்மேலேயே புதுத்தளம் இட்டுவருவதால் தெரு உயர்கின்றது. முன்னே படியேறிப் புகுந்த வீட்டினுள் பின்னே படியிறங்கிப் புக நேரிடுகின்றது. வெளிநிலத்தின் மட்டத்திற்குத் தாழ்ந்த இத்தகைய அறையைக் கீழறை என்று இக்கட்டுரையில் வழங்குவோம். அதன் கான்கிரீட்டுத் தரைமேல், 'டைல்ஸ்' என மக்கள் வழங்கும் பீங்கான் ஓடுகளைப் பதிக்கும் முறையே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இப்பொருளை யான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. எம் அன்னையார் மூப்பினால் மாடியேற இயலாதவரானபோது, எங்கள் வீட்டுக் கீழறையை அவர்க்கு உறைவிடமாக்க எண்ணினோம். பழைய மண்தரையை அகற்றிக் கான்கிரீட்டு இட்டோம். வேலை செய்த கொத்தனார், "இன்னும் ஒரு மாதம் பொறுங்கள், தரை காயட்டும்" என்றார். இல்லத்தில் திருமணம் நெருங்கியிருந்தது. யாம் பொறுக்கவில்லை. பதினோராம் நாளே ஓடு பதிப்பித்தோம். ஓர் ஆண்டு கழிந்து, சித்திரை மாதத்து ஒரு நண்பகலில், வேட்டு வெடித்தாற்போன்ற ஓசையுடன் அறையின் நடுவில் இரண்டு ஓடுகள் கூரைபோல் எழும்பி நின்றன. அவற்றை மாற்றுவதற்குள், அன்றிரவே, தண்ணீர் பருக எழுந்த அன்னையார் அவ்விளிம்பில் கால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். கொத்தனார் கேட்ட ஒரு மாதத்தை யாம் கொடுத்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது என்பதைப் பின்னரே கற்றறிந்தேன். கற்றதை நம் கல்லூரி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் சொல்லுதல் கடமையென்று கருதுகின்றேன்.

கான்கிரீட்டின் இயல்பு

கான்கிரீட்டு கல்லைப்போல் தோன்றினும் கல்லன்று. இங்கிலாந்து தேசத்து ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824-ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்ற போர்ட்லண்டு சிமெண்டின் வழித்தோன்றலே இன்று நாம் வழங்கும் சிமெண்டு. அது நீருடன் கூடி இறுகுவது, காய்ந்து இறுகுவதன்று. தன் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நீரையே சிமெண்டு தன்னுள் பிணைத்துக்கொள்ளும். ஆனால் கலவை குழைவாக இருத்தற்பொருட்டு, எடையில் ஏறத்தாழப் பாதியளவு நீரைச் சேர்க்கின்றோம். ஐம்பது கிலோ கொண்ட ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் நீர் விட்டால், சுமார் 12 லிட்டர் பிணைந்துபோக, எஞ்சியது நுண்துளைகளில் தங்கிச் சிறிது சிறிதாக வெளியேறும். அது வெளியேற வெளியேறக் கான்கிரீட்டு சுருங்கும். இந்தியத் தரநிர்ணயத்தின் 456-ஆம் எண்ணுள்ள கான்கிரீட்டு விதிநூல் இச்சுருக்கத்தை, பதினாயிரத்தில் மூன்று பங்கு என்று கணக்கிற்குக் கொள்ளச் சொல்கின்றது. ஆறு மீட்டர் நீளமுள்ள அறைக்கு இது 1.8 மில்லிமீட்டர் ஆகும்.

இஃது அற்பமென்று தோன்றும். ஆனால் தரைமேல் பதிந்த ஓடு சூளையிலேயே சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிந்தது, இனிச் சுருங்காது. சிலவகை ஓடுகள் காற்றின் ஈரத்தை உண்டு காலப்போக்கில் மிகச் சிறிது விரிதலும் உண்டு. கீழே உள்ளது குறுக, மேலே உள்ளது குறுகாதிருப்பின், ஓடுகள் ஒன்றையொன்று நெருக்கும். சுவரோரத்தில் இடம் இருப்பின் அங்கே தள்ளிக்கொள்ளும். இல்லையேல் பிடிப்புக் குறைந்த இடத்தில் மேலெழும்.

எவ்வளவு எழும் என்பதைப் பள்ளியிற் படித்த பிதாகோரஸ் தேற்றமே கூறிவிடும். அந்த 1.8 மில்லிமீட்டர் நெருக்கம் முழுவதும், 600 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு ஓடுகளின் சந்தியில் தீர்வதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஓட்டின் அடியளவு 600-லிருந்து 599.1 ஆகக் குறையும். 600-இன் வர்க்கத்திலிருந்து 599.1-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் காண, ஏறக்குறைய 33 மில்லிமீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சுருக்கம், முதியவர் ஒருவரை வீழ்த்தப் போதுமான ஒன்றேகால் அங்குல உயரமாக மாறுகின்றது. எங்கள் அறையில் நிகழ்ந்ததும் இதுவே. பங்குனி, சித்திரையின் வறட்சியில் கான்கிரீட்டு மேலும் உலர்ந்து சுருங்க, வெயிலில் ஓடு சிறிது விரிய, சுவரோடு சுவராய் முட்டியிருந்த ஓடுகள் நடுவில் எழும்பின.

முன்னோர் தரையும் இக்காலத் தரையும்

"நம் பாட்டனார் வீட்டுத் தரை இவ்வாறு எழும்பவில்லையே" என்று வினவுவார் உளர். அத்தரைகளின் இயல்பு வேறு. அவை சுண்ணாம்புச் சாந்தில் அமைந்தவை. நம் பள்ளத்தாக்கிற்கு உயிர்நீர் தரும் பெரியாற்றணையும் 1887 முதல் 1895 வரை, பென்னிகுயிக் அவர்களின் மேற்பார்வையில், சுண்ணாம்பும் சுட்ட செங்கற்பொடியாகிய சுர்க்கியும் கலந்த கான்கிரீட்டினால் கட்டப்பட்டதேயாம். சுண்ணாம்புச் சாந்து மெல்லியது. சிறிது அசைவுக்கு இணங்கும். ஈரத்தை உள்ளடக்காமல் வெளிவிடும். பாசல் மிஷன் சங்கத்தார் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழிவந்த சுடுமண் ஓடுகளும் நுண்துளை மிக்கவை. செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சாந்தை வார்த்துச் செய்யும் ஓடுகளோ, சூளையிற் சுடப்படாத சிமெண்டு ஓடுகள். இவற்றின் வழியே தரையின் ஈரம் மெல்ல மூச்சுவிட்டு வெளியேறும்.

இக்காலத்தில் குஜராத்தின் மோர்பி முதலிய இடங்களிலிருந்து வரும் ஓடுகள் இவற்றுக்கு மாறானவை. நீருறிஞ்சும் அளவைக்கொண்டு ஓடுகளை வகைப்படுத்துவது உலகவழக்கு. சுவருக்கான மெல்லிய மெருகோடுகளுட் பல, தம் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேல் நீர் உறிஞ்சும். 'விட்ரிஃபைடு' எனப்படும் இறுகிய ஓடுகள் நூற்றுக்கு அரைப்பங்கும் உறிஞ்சா. உறிஞ்சாத ஓட்டினைக் கறை பற்றாது, அது தேயாது, இவை அதன் சிறப்புகள். ஆனால் அதே காரணத்தால், சிமெண்டுப்பால் அதன் முதுகில் வேரூன்றுவதற்கும் இடம் இல்லை. பழைய ஓட்டிற்கு ஏற்ற முறையைப் புதிய ஓட்டிற்கும் கையாளுவதனாலேயே இன்று பல வீடுகளில் தரை தட்டினால் 'பொள்'ளென்று ஒலிக்கின்றது.

ஓதம் அறியும் வகை

கீழறையில் முதற்கண் ஆராய வேண்டியது ஓதம். மண்ணில் உள்ள நீர், திரிவழி எண்ணெய் ஏறுவதுபோல், கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மேலேறும். ஏறும் நீர் மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வந்து, மேலே ஆவியாகும்போது அவற்றை வெண்பொடியாக விட்டுச் செல்லும். இதனையே உப்புப் பூத்தல் என்கின்றோம். ஓட்டுக்கு ஈரத்தால் தீங்கில்லை. ஆனால் உப்பு ஓட்டின் அடியில் படிகமாக வளரின் பிடிப்பை நெம்பிவிடும்.

ஓதத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளைத் தரைமேல் விரித்து, நாற்புறமும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டி, பதினாறு மணி நேரத்திற்குக் குறையாமல் விட்டுவைக்க. எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி நின்றாலும், தரை நிறம் கருத்திருந்தாலும், ஈரம் கீழிருந்து வருகின்றது என்க. துளி தாளின் மேற்புறத்தே நின்றால், அது காற்றின் ஈரம் குளிர்ந்த தரையிற் படிந்ததேயாம். அதற்குக் காற்றோட்டமே மருந்து. இச்சோதனையைக் கோடையிற் செய்து மகிழ்தல் பேதைமை. பங்குனியில் உலர்ந்து கிடக்கும் தரை ஐப்பசியில் வியர்க்கும். ஆதலின் மழைக்காலத்தில் ஒருமுறையேனும் சோதித்தல் வேண்டும்.

ஓதம் உண்டெனத் தெரிந்தால், பரிகாரத்தை வெளியிலிருந்து தொடங்குக. கூரைநீர் சுவரடியில் விழாமல் குழாய்வழி அப்பாற் செல்லட்டும். மேட்டுப்புறத்துச் சுவரை ஒட்டி வாய்க்கால் வெட்டி, துளைக்குழாய் இட்டு, சரளை நிரப்பி, நீரைச் சரிவின் கீழே கொண்டுபோய் விடுக. புதிதாகக் கான்கிரீட்டு இடுவதாயின், அடியில் ஜல்லி பரப்பி, அதன்மேல் தடித்த பாலித்தீன் தாள் விரித்து, மூட்டுகளில் ஒன்றன்மேலொன்று படியவிட்டு ஒட்டி, அதன்மேல் கான்கிரீட்டு இடுதல் நன்று. மழைநாளில் தரைப்பிளவில் நீர் ஊற்றெடுக்கும் அறையில், அந்நீரை வெளியே திருப்பும்வரை ஓடு பதிக்கலாகாது. நோயை மூடி மறைத்தல் மருத்துவம் ஆகாது.

பொறுத்தலும் சீர்செய்தலும்

நீராற்றுதலும் உலர்த்துதலும் ஒன்றென்று பலர் மயங்குவர். நீராற்றுதல் என்பது கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுகச் செய்தல். சாதாரண சிமெண்டாயின் ஏழு நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டாயின் பத்து நாளும் குறைந்த அளவு என்பது விதி. இன்று கடைகளில் மிகுதியும் கிடைப்பது கலப்புச் சிமெண்டே ஆதலின், பத்து நாள் எனக் கொள்க. உலர்தல் அதன் பின்னரே தொடங்குகின்றது. கான்கிரீட்டு இட்ட நாளிலிருந்து 28 நாள் கழியுமுன் ஓடு பதித்தல் தகாது. கீழறைக்கு அதனினும் மிகுதியாகப் பொறுத்தல் நலம். யாம் ஓடு பதிப்பித்த பதினோராம் நாளில் எங்கள் தரை நீராற்றுதலை முடித்து ஒரு நாளே ஆகியிருந்தது. சுருங்க வேண்டிய சுருக்கம் பெரும்பாலும் ஓட்டின் அடியில் நிகழ்ந்தது.

உலர்ந்தபின் தரையின் தூய்மையைச் சோதிக்க. அங்கங்கே சிறிது நீர் தெளித்தால் தரை அதனை உறிஞ்ச வேண்டும். தாமரை இலைமேல் நிற்பதுபோல் நீர் முத்தாக நின்றால், எண்ணெயோ மெழுகோ வண்ணமோ படிந்துள்ளது என்று அறிந்து, அவ்விடத்தைக் கொத்திச் சுரண்டிவிடுக. மழமழப்பான பழைய சிவப்புக்காவித் தரையையும் உளியாற் கொத்திச் சொரசொரப்பாக்குதல் வேண்டும்.

அடுத்தது மட்டம். பத்தடி நீளமுள்ள நேரான மட்டப்பலகையைத் தரையில் பல திசைகளில் வைத்துப் பார்க்க. ஓட்டின் எல்லாப் பக்கமும் 15 அங்குலத்திற்குக் குறைந்ததாயின், பலகையின் அடியில் கால் அங்குலம் வரை பள்ளம் பொறுக்கப்படும். ஒரு பக்கமேனும் 15 அங்குலமோ அதனினும் மிக்கதோ ஆயின், அரைக்கால் அங்குலமே எல்லை. பெரிய ஓடு தரையின் வளைவுக்கு இணங்காது என்பதே காரணம். பள்ளத்தை முன்னரே சாந்தால் நிரப்பிக் காயவிடுக. பதிக்கும்போது பசையை அள்ளிக் கொட்டி நிரப்புதல் தவறு. தரையில் விரிசல் இருப்பின், அது அசையாத பழைய மயிர்க்கோடாயின் அடைத்துவிடலாம். இருபுறமும் உயர்வு தாழ்வு தோன்றுமாயின், மண் அமுங்குகின்றது. காரணத்தைத் தீர்க்காமல் மேலே செல்லற்க.

பதிக்கும் முறை

முதலில் அறையின் நடுவில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு நூல்கள் கட்டுக. ஒரு நூலில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறித்து, அவ்விரு குறிகளின் இடைத்தூரம் 5 அடியாயின் கோணம் செவ்விது. ஓடுகளைச் சாந்தின்றி வரிசையாகப் பரப்பிப் பார்த்து, சுவரோரத்தில் விரற்கடை அகலமான துண்டு விழாதபடி நூலைச் சற்றே நகர்த்துக.

நம் ஊர்களில் பெருவழக்காயிருக்கும் முறை, உதிரிச் சாந்தைப் பரப்பி, அதன்மேல் சிமெண்டுப்பால் ஊற்றி ஓட்டை வைத்துத் தட்டுதல். உறிஞ்சும் ஓட்டிற்கு அது ஓரளவு பொருந்தும். இறுகிய ஓட்டிற்கு, இந்தியத் தரநிர்ணயத்தின் 15477-ஆம் எண் குறித்த ஓட்டுப்பசையே தக்கது. அதிற் சேர்ந்துள்ள பிசின் போன்ற பொருள், துளையற்ற முதுகையும் பற்றும். மூட்டையில் அச்சிட்ட அளவுக்கு நீரெடுத்து, நீரில் பொடியை இட்டுக் கலக்கி, சில நிமிடம் ஆறவிட்டு மறுபடியும் கலக்குக. பின்னர் நீர் சேர்க்கற்க.

பசையைக் கரண்டியின் தட்டைப்பக்கத்தால் முதலில் தரையில் அழுத்தித் தேய்த்து, பின் பல்பக்கத்தால் ஒரே திசையில் கோடுகளாக இழுக்க. வட்டமாகச் சுழற்றி இழுத்தால் காற்று உள்ளே சிறைப்படும். ஓட்டை வைத்து, கோடுகளுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினால், வரப்புகள் சரிந்து சால்களை நிரப்பும். தொட்டால் விரலில் ஒட்டாதபடி பசையின்மேல் தோல் படிந்துவிட்டதாயின், அதனைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசுக. பத்து ஓட்டுக்கு ஒன்றையேனும் உடனே பெயர்த்து முதுகைப் பார்க்க வேண்டும். உலர்ந்த அறையில் முதுகின் நூற்றுக்கு எண்பது பங்கும், ஈரம் படும் இடத்தில் தொண்ணூற்றைந்து பங்கும் பசை பற்றியிருத்தல் தேவை.

நாற்கோணத்திலும் நடுவிலும் ஐந்து பொட்டு வைத்து ஓட்டை ஒட்டுவது விரைவான வேலை, ஆனால் பெருங்கேடு. எங்கள் கீழறையின் ஓடுகளைப் பெயர்த்தபோது, ஐந்து பொட்டுகளும் இடையே வெற்றிடமும் இருக்கக் கண்டேன். வெற்றிடங்களில் உப்பு வெண்ணூலாகப் பூத்திருந்தது.

இடைவெளியின் இன்றியமையாமை

ஓடுகளை இடைவெளியின்றி நெருக்கிப் பதித்தால் ஒரே கல்போல் அழகாகத் தோன்றும் என்று வீட்டார் விரும்புவர். இவ்விருப்பத்தை மறுப்பதே நல்ல கொத்தனாரின் இலக்கணம். ஓட்டுக்கு ஓடு இரண்டு மூன்று மில்லிமீட்டரேனும் இடைவெளி விட்டு, ஒரு நாள் கழித்து இடுக்குப்பொடி நிரப்புக. இதனினும் முதன்மையானது சுவரோர இடைவெளி. நாற்சுவரையும் தூணையும் ஒட்டிக் கால் அங்குலம் வெற்றிடம் விடுக. அதிற் சாந்தோ இடுக்குப்பொடியோ விழாமற் காத்து, ரப்பர்போல் நெகிழும் அடைப்பானை இட்டு, மேலே சுவரடி ஓட்டால் மறைத்துவிடலாம். அறை பெரிதாயின் 20 முதல் 25 அடிக்கு ஒன்றாகவும், வெயிலோ ஈரமோ படும் இடத்தில் 8 முதல் 12 அடிக்கு ஒன்றாகவும் இத்தகைய நெகிழ் இணைப்பு வேண்டும். கான்கிரீட்டில் முன்னரே விட்ட பிரிவுக்கோட்டின்மேல் ஓட்டைக் குறுக்கே படுக்க வைக்காமல், அதே இடத்தில் ஓட்டிலும் கோடு விடுக. முன்னே கணக்கிட்ட 1.8 மில்லிமீட்டர் இவ்விடங்களில் ஓசையின்றித் தீர்ந்துபோகும்.

தொழிலாளர் நலம்

ஓடு பதித்து ஒரு நாள் வரை அதன்மேல் நடக்கலாகாது. நன்கு இறுகியபின் மரக்கட்டையால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிக் கேட்க; பொள்ளல் ஓசை உள்ளதை அப்போதே மாற்றுதல் எளிது. முதியோர் உறையும் அறைக்குப் பளபளக்கும் ஓட்டை விலக்கிச் சொரசொரப்பானதைத் தேர்ந்தெடுக்க.

வேலை செய்வார் உடல்நலமும் நம் பொறுப்பே. ஓட்டை உலர்வாக அறுக்கும்போது எழும் தூளில் நுண்ணிய சிலிக்கா உண்டு; அது நுரையீரலிற் படிந்தால் மீளாது. கீழறையில் காற்றோட்டம் குறைவாதலின் தீங்கு இருமடங்காகும். வெளியில் வைத்து, நீர் விட்டு அறுக்கச் செய்து, முகக்கவசமும் கையுறையும் வாங்கித் தருதல் வேண்டும். ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்குவது என்பதையும் மறத்தலாகாது.

முடிவு

எங்கள் கீழறையை மறுபடியும் செய்தோம். அதே கொத்தனாரை அழைத்தோம். மேட்டுப்புறத்தில் வாய்க்கால் வெட்டினோம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் தரையைத் திறந்தபடி விட்டுப் பிளாஸ்டிக் தாளிட்டுப் பார்த்தோம். தை பிறந்த பின்னரே ஓடு பதித்தோம். முதன்முறை நாங்கள் மறுத்தது ஒரு மாதம். இம்முறை எடுத்தது நான்கு மாதம். கொத்தனார் பழையதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை; சுவரோரத்தில் கால் அங்குலக் கட்டைகளை வரிசையாக வைத்துவிட்டு, அவற்றை எவரும் எடுத்துவிடாதபடி தாமே காவலிருந்தார்.

கன்மலைமேல் வீடு கட்டினவனையும் மணலின்மேல் கட்டினவனையும் பற்றிய உவமையை நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் பலமுறை கேட்டிருக்கின்றோம். இருவர் வீடும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்திருக்கும்; வேறுபாடு மழை வந்தபோதே தெரிந்தது. ஓடு தரையை மறைக்கும், திருத்தாது. திருத்தம் வேண்டுவதெல்லாம் ஓடு வருமுன்னரே முடிந்திருத்தல் வேண்டும். தொழில் அறிந்தவன் காலம் கேட்டால் அதனைக் கொடுப்பதும் கல்வியின் ஒரு கூறென்று அறிக. அன்னையார் இப்போது ஊன்றுகோலுடன் அத்தரைமேல் நடக்கின்றார். கோலின் ஓசை அறை முழுவதும் ஒரே சீராக, பொள்ளலின்றிக் கேட்கின்றது.